கிளீனர் சீட் காலி

லாரி டிரைவருக்கு ஏசி கொடுத்தால் தூங்கிவிடுவாராம். இந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய மனிதர் சொன்னார். மண்டபம் ஏசி. அவர் வந்து இறங்கிய கார் ஏசி. இரண்டாவது பாயசத்தையும் முடித்துவிட்டு, வெற்றிலையை மடித்தபடி, தனக்கே கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இதைச் சொன்னார். சொந்தமாக லாரிகள் வைத்திருப்பவர். விசேஷ வீட்டில் யாரோடும் வாக்குவாதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு வீட்டில் உத்தரவு. எனவே சிரித்து வைத்தேன். அன்று சொல்லாமல் விட்டது நான்கு நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம். நம் ஊர் லாரிகளுக்குப் பல காலம் கேபினே கம்பெனியிலிருந்து வராது. இன்ஜினும் சேசிஸும் முகப்பும் மட்டும் வரும். கேபினையும் பாடியையும் நாமக்கல் பட்டறைகளில் கட்டிக்கொள்வார்கள். தொழிற்சாலையிலிருந்து அந்த மொட்டை சேசிஸை ஓட்டிக்கொண்டு வருகிறவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றும் தூசியும் நேராக அறைய, பல நூறு கிலோமீட்டர் வருவார். அவருக்கு ஒரு கண்ணாடித் தடுப்புகூடக் கிடையாது. கேபின் கட்டிய பிறகு மட்டும் என்ன சுகம்? காலடியில் இன்ஜின், தலைக்கு மேல் மே மாதத்து வெயில். தூக்கம் ஏசியால் வருவதில்லை ஐயா, இரண்டு ராத்திரி தூங்காததால் வருகிறது.

இதோடு முடித்திருப்பேன். அச்சுக்கு அனுப்பும் முன், ஓட்டுகிற ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமே என்று எங்கள் தெருப் பையனைப் பிடித்தேன். ஹெவி லைசென்ஸ் எடுத்து லைனுக்குப் போக ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. புத்தம் புது டாரஸ் வண்டி. ஏசி வைத்தது.

"ஏசியெல்லாம் நல்லாத்தானுங்க பெரியப்பா இருக்குது. பக்கத்துல ஆளில்லீங்களே, அதுதான்."

நான் எழுதி வைத்திருந்த ஏசி புராணத்தின் மிச்சம் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு லாரி டிரைவர் எப்படி உருவாகிறார்? சட்டப்படி கேட்டால் பதில் சுருக்கம். இருபது வயது ஆகியிருக்க வேண்டும். கார் மாதிரியான சின்ன வண்டிக்கான லைசென்ஸ் கையில் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2019-இல் எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். 2021-இல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று தனி விதி வந்தது. அதன்படி கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் பயிற்சி, பாடமும் ஓட்டமும் சேர்த்து. எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பையன் பழகியது ஒரு காலி வண்டியில். மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்தான், மேட்டில் நிறுத்தி எடுத்தான், அதிகாரி கையெழுத்துப் போட்டார். அடுத்து அவன் கையில் கிடைத்தது பத்துச் சக்கர வண்டி. 2018-இல் எடை வரம்பை உயர்த்திய பிறகு சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம் என்கிற வண்டி. காலி வண்டியில் பழகிய பிரேக், சரக்கு ஏறிய வண்டியில் அதே இடத்தில் பிடிக்காது. இதை எந்த மைதானத்திலும் கற்றுக்கொடுக்க முடியாது.

அவனுக்கு அதிர்ஷ்டம், தாய்மாமன் ஒருவர் இருந்தார். ஓட்டி ஓய்ந்தவர். முதல் நடைகளுக்கு, ஓனரிடம் சம்பளம் கேட்காமல், இடது பக்க சீட்டில் அவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். தாவணகெரேயிலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் வருகிற லோடு.

போகும்போது மாமன் ஸ்டியரிங்கையே தரவில்லையாம். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கச் சொல்லி, வீல் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டவைத்தார். காற்று சரியாக இருக்கும் டயர் ஒரு மாதிரி அதிரும், இறங்கிய டயர் சத்தம் செத்துக் கேட்கும். பின்னால் ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கி நிற்கும், சூடேறி வெடிக்கும்வரை. அதற்குத்தான் காது. பையன் முதல் நாள் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது என்றான்.

தாவணகெரேயில் லோடு கிடைக்கக் காத்திருந்தபோது மாமன் இன்னொரு வேலை பார்த்தார். காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்து, இதைச் சுற்றி இடது பக்கம் திருப்பு என்றார். முன் சக்கரம் பாட்டிலை விட்டுத் தாராளமாக விலகிப் போனது. பையன் பெருமையோடு மாமனைப் பார்த்தான். பின் சக்கரம் அதை நசுக்கியிருந்தது. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அறுப்பு. "அது பாட்டிலு மாப்ள. சேலத்துல அது ஸ்கூட்டில போற புள்ள" என்றாராம். மூன்று பாட்டில் செலவானது.

திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரி தாண்டி நேர் ரோட்டில், விடிகாலையில் ஸ்டியரிங் கைக்கு வந்தது. தர்மபுரியும் போனது. பாளையம் டோல்கேட் தாண்டியதும் மாமன் ஓரங்கட்டச் சொன்னார். அடுத்தது தொப்பூர்.

சேலம் பக்கம் இறங்குகிற அந்தக் கணவாயைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதாத வருஷம் இல்லை. இரட்டைப் பாலத்தருகே விபத்து என்ற செய்தி வரும்போதெல்லாம் சாலையைத் திட்டுகிறோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் நியூட்ரலில் இறங்காதே என்று வழிநெடுகப் போர்டு வைத்தும் ஏன் இறங்குகிறார்கள்? டீசல். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று ஓனர் கணக்கு வைத்திருக்கிறார். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம், கூடினால் சம்பளத்தில் பிடித்தம். இறக்கத்தில் நியூட்ரல் தட்டிவிட்டால் இரண்டு சொட்டு மிச்சம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. சிலர் இன்ஜினையே அணைப்பார்கள். அணைத்தால் பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் நின்றுபோகும், பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். நியூட்ரலில் மட்டும் விட்டால், வண்டியின் மொத்த பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிப்பு விட்டுப்போகும். அதற்குப் பிறகு மிதிப்பதும் மிதிக்காததும் ஒன்று.

இதில் என் ரத்தம் கொதிப்பது வேறொரு காரணத்துக்காக. இப்போது வரும் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான், இன்ஜின் அணையாமல் ஓட டீசல் தேவை. மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவு. அந்த இரண்டு சொட்டுக்காக எத்தனை உயிர் போயிருக்கிறது!

மாமனுக்கு இன்ஜின் விஞ்ஞானம் தெரியாது. டயர்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறங்கு. பாதியில மாத்தாத. பின்னால எவன் ஹார்ன் அடிச்சாலும் அவன் உனக்குச் சம்பளம் குடுக்கறவன் இல்ல" என்று மட்டும் சொன்னார். இறங்கி முடிக்கும்வரை வேறு பேச்சில்லை. கீழே வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்து, "செரி, போ" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

இனி அடுத்த சில பத்திகளைப் பழைய வாசகர்கள் தாண்டிப் போகலாம். நான் அடிக்கடி எழுதும் ஒரு பிரெஞ்சு லாரிப் படம் மறுபடியும் வருகிறது.

'வேஜஸ் ஆஃப் ஃபியர்', 1953. ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ எடுத்தது. ஜார்ஜ் ஆர்னோவின் நாவலிலிருந்து வந்த கதை. ஒரே ஆண்டில் கானிலும் பெர்லினிலும் தலையாய பரிசு வாங்கியது. எண்ணெய்க் கிணறு ஒன்று தீப்பிடித்து எரிகிறது. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். கொஞ்சம் குலுங்கினாலும் வெடிக்கும் அந்தச் சரக்கை, மோசமான மலைப்பாதையில், இரண்டு லாரிகளில் கொண்டுபோக வேண்டும். பிழைப்பற்றுக் கிடக்கும் ஆட்களில் நான்கு பேரைப் பிடிக்கிறது எண்ணெய்க் கம்பெனி. ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் எடுக்கிறார்கள். அதுவும் ஒரு மைதானத் தேர்வுதான்!

லாரி ஓட்டுவதைப் பற்றி இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. நொடி விழுந்த சாலை ஒன்று வரும். அதை மிக மெதுவாகக் கடக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வு தெரியாத அளவு வேகத்தில் பறக்க வேண்டும், நடுவில் எதுவும் ஆகாது. ஒரு வளைவில் திரும்ப இடம் போதாது. பள்ளத்தின் மேல் நீட்டிக் கட்டிய உளுத்த மரப் பலகையில் லாரியை ரிவர்ஸில் ஏற்றித் திருப்ப வேண்டும். அந்தக் காட்சியை நான் மூச்சுவிட்டுப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கில் இருப்பவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. பின்னால் நின்று சொல்ல வேண்டியவன், வயதில் மூத்தவன், பயந்து ஓடிப்போகிறான்.

எங்கள் பையனிடம் கதையைச் சொன்னேன். ரிவர்ஸ் காட்சியில் அவன் முகம் மாறியது. ராத்திரியில், தெரியாத ஊர் குடோனில், சந்துக்குள் வண்டியைப் பின்னால் விட வேண்டும். கேமரா இருக்கிறது, அதன் மேல் சேறு. முன்பெல்லாம் கிளீனர் குதித்து இறங்கி, பாடியைத் தட்டிக்கொண்டே, "வா வா வா... லெப்ட்ல ஒடி... நேர் பண்ணு... போதும்" என்று கத்துவான். அந்தக் குரலை நம்பித்தான் இந்தத் தேசத்துச் சரக்கு முழுக்க இறங்கியது. இப்போது டிரைவரே இறங்கிப் பார்க்கிறார், ஏறி இரண்டடி எடுக்கிறார், மறுபடி இறங்கிப் பார்க்கிறார்.

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், எழுபது வருஷம் ஆகிவிட்டது. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் ஒருவன்தான். திரும்பி வரும்போது காலி வண்டி, ரேடியோவில் பாட்டு, சந்தோஷத்தில் வண்டியை இப்படியும் அப்படியும் ஒடித்து ஆடவிடுகிறான். பள்ளத்தில் போகிறான். இதைக் கேட்டதும் பையன், "மாமனும் இதைத்தானுங்க சொன்னாரு, லோடு எறக்குன பொறகுதான் பயப்படோணும்னு" என்றான். முழு பாரத்துக்கென்று செய்த பிரேக், காலி வண்டியில் சக்கரத்தைச் சட்டென்று பூட்டிவிடும். மழை ஈரத்தில் பின்பக்கம் தானாக நடக்கும். அந்த மாமன் க்ளூஸோ படம் பார்த்தவரில்லை.

படத்தில் நான் இத்தனை காலம் கவனிக்காமல் விட்ட ஒன்று இந்த வாரம் உறைத்தது. செத்தால் சாகட்டும் என்று ஆள் அனுப்பிய கல்நெஞ்சுக் கம்பெனி அது. அதுகூட ஒரு வண்டிக்கு இரண்டு பேரைப் போட்டது.

நம் லாரிகளில் கிளீனர் எப்போது காணாமல் போனார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வாடகை நின்ற இடத்தில் நிற்க, டீசலும் டோலும் இன்சூரன்ஸும் ஏறியபோது, முதலில் கழிந்தது அவர் சம்பளம். சில டிரைவர்களே கிளீனர் படியையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். வர ஆளுமில்லை. கிளீனர் வாழ்க்கையை நான் பொன்னாக்கிக் காட்டப்போவதில்லை. அடி, வசவு, வண்டிக்கடியில் தூக்கம். சிறுவர்களை வைக்கக் கூடாது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மீசை முளைக்காத கிளீனர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அநியாயம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்த சீட்டுதான் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. வருஷக்கணக்கில் இடது பக்கம் உட்கார்ந்து, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து, எந்த ஊரில் எந்த வளைவு ஏமாற்றும் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒருவர் வலது பக்கம் வருவார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டோம், பரீட்சை மட்டும் நடக்கிறது.

ஆலையில் ஃபிட்டராகச் சேர்கிறவனுக்கு அப்ரண்டிஸ் காலம் உண்டு, உதவித்தொகை உண்டு. 28 டன்னோடு மலை இறங்குகிறவனுக்கு ஒரு தாய்மாமன் இருந்தால் உண்டு. மாமன் இல்லாதவன் யாரிடம் கற்றுக்கொள்கிறான் என்றால், நம்மிடம்தான். நாம் முன்னாலும் பக்கத்திலும் போய்க்கொண்டிருக்கும்போது. லைசென்ஸ் வாங்கியவர் முதல் ஆறு மாதம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நெடுந்தூர லோடு எடுக்கக் கூடாது என்று விதி வேண்டும். அந்தப் பக்கத்து ஆளுக்கு உரிய சம்பளத்தை ஓனர் பாதி, அரசு பாதி கொடுக்கட்டும். ஏசிக்கு விதி போட முடிந்தவர்களுக்கு இதுவும் முடியும்.

ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவார் என்று எனக்கு எழுத நினைக்கும் லாரி உரிமையாளர்கள் தாராளமாக எழுதலாம், வெளியிடுகிறேன். உங்கள் வண்டியில் பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.