எக்ஸ்ரேயில் தெரியாத வலி

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அம்மையார் ஒருவர் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். வயது நாற்பத்தாறு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி இருபத்தேழு ஆண்டுகள். கையிலே பெரியதொரு பழுப்பு உறை. அதனுள் பதுளையில் எடுத்த எக்ஸ்ரே படம். இடுப்பிலே தொடங்கிய நோவு இன்று தோள், கழுத்து, முழங்கால் என்று உடம்பெங்கும் பரவிவிட்டது. விடியற்காலையில் எழும்போதே, நாள் முழுதும் உழைத்து ஓய்ந்தவர்போன்ற களைப்பு. படத்திலோ எலும்பு நன்றாகவே இருக்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் குற்றமில்லை. நோய் ஒன்றுமில்லை என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்துண்டைக் கண்ட நாள் முதல், கங்காணியின் கண்ணுக்கும் கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கும் அவர் வேலைக் கள்ளி.

நட்டஈடு கேட்கலாமா என்பது அவருடைய வினா. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை எடுத்து விளக்கினேன். வேலையின்போது, வேலையின் காரணமாக, விபத்தினால் நேர்ந்த காயத்துக்கே அச்சட்டம் முதன்மையாக வழிசெய்கிறது. "மலையிலே எப்போதாவது விழுந்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றார். அப்படியானால் வழக்கு நிற்பது கடினம் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அப்ப ஒரு தடவ விழுந்திருந்தா நல்லதுங்களா ஐயா?" என்றார்.

நீதிமன்றத்திலே எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கண்டவன் நான். இக்கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

எனக்கும் இந்நோய் உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுவதே நேர்மை. ஃபைப்ரோமயால்ஜியா என்பது அதன் பெயர். பெயர் கிடைப்பதற்கே எனக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் என் நோவை மனக்கோளாறு என்றவரும் உண்டு. வக்கீல்மாருக்கு வேலை குறைந்தால் இப்படித்தான் என்று சிரித்தவரும் உண்டு. மூளையும் முள்ளந்தண்டு வடமும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுகின்றன என்பதே மருத்துவர்கள் இதற்குத் தரும் விளக்கம். முறிந்த எலும்பைத் தேடினால் அகப்படாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க வாதநோய் வல்லுநர் கழகம் உடம்பில் 18 இடங்களைக் குறித்து, அழுத்தும்போது அவற்றுள் 11 இடங்கள் நொந்தால் இந்நோய் என்றது. 2010இல் அவ்வெண்ணிக்கையை விடுத்து, பரவிய நோவு, களைப்பு, தெளிவு தராத உறக்கம் ஆகியவற்றையே அளவுகோலாகக் கொண்டது. 2020இல் உலக வலியாய்வுச் சங்கமோ, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்றே எழுதி வைத்தது. மருத்துவ உலகம் அங்கே நிற்கிறது. நம் தோட்டத்து மடுவம் இன்னும் எக்ஸ்ரே படத்தைத்தான் கேட்கிறது.

எனக்கு வைத்தியர் சொன்ன மருந்தைக் கேளுங்கள். அடியோடு படுக்காதே, அளவு மீறி உழைக்காதே, சிறிது நட, சிறிது அமர், நாளுக்கு நாள் சற்றே கூட்டு, நன்றாக உறங்கு. இரவில் ஒரு சிறு மாத்திரை. என்னால் இதைக் கடைப்பிடிக்க முடிகிறது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கிறேன். முடியாத நாளில் வழக்குக்குத் தவணை கேட்கிறேன். வெங்காயத் தோட்டத்திலே குனிந்து நிற்கும் கமக்காரரும், நாரி பிடித்துக்கொண்டால் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வரப்பிலே சற்று அமரலாம். அவருக்கு மேல் கங்காணி இல்லை.

ஊவா மலைச்சரிவிலே இது நடக்குமா? ஒரு நாட் பேர் விழுவதற்குப் பறிக்க வேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பெரும்பாலும் 16 முதல் 20 கிலோ வரை. குறைந்தால் அரைப் பேர். ஆகவே நொந்த உடம்போடு நிரையில் ஏறி, இடுப்பிலே படங்கைக் கட்டி, முழுப் பேருக்காக முதுகை முறித்து, மறுநாள் எழ இயலாமற் படுத்துக்கிடப்பார்கள். வைத்தியர் செய்யாதே என்று சொன்னதையே செய்விக்கும் ஏற்பாடு இது. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில், நூற்றுக்கு 75 நாள் வேலைக்கு வந்தவருக்கே நாளொன்றுக்கு 60 ரூபா வரவுக் கொடுப்பனவு என்று எழுதிக் கையொப்பமிட்டோம். நோயாளியின் பையிலிருந்து அத்தொகையை எடுத்தவர்கள் துரைமார் மட்டுமல்லர்; நம் சங்கங்களும் அருகே அமர்ந்திருந்தன.

அந்த அம்மையார் வேலையை விட்டுவிட எண்ணியவர். விட்டால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்குப் பதினான்கு நாட் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஊழியர் சேமலாப நிதியோ பெண்களுக்கு ஐம்பது வயதில்தான். முன்னரே பெறுவதானால், நிரந்தரமாகவும் முற்றாகவும் வேலைக்குத் தகுதியற்றவர் என்று வைத்தியர் எழுத வேண்டும். படம் நன்றாயிருக்கையில் யார் எழுதுவார்? முழுப் பேருக்கு வேண்டிய சுகம் இல்லை. பணத்தைப் பெறுவதற்கு வேண்டிய நோயும் இல்லை. லயத்துக் காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தம்.

இன்னொன்று. நம் தமிழில் நோவுக்கு எத்தனை சொற்கள்! கடுக்கிறது, உளைகிறது, குத்துகிறது, எரிகிறது, விறைக்கிறது என்று பிரித்துச் சொல்வதைக் கொண்டே நல்ல வைத்தியர் பாதி நோயைக் கண்டுபிடிப்பார். தமிழ் அறியாத வைத்தியர் முன்னே நம் பெண்கள் இவ்வளவையும் விழுங்கிவிட்டு, அறிந்த ஒரே சிங்களச் சொல்லாகிய "ரிதெனவா" என்பதை மட்டும் சொல்லித் திரும்புகிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகிறது. வைத்தியர்மீது எனக்குக் குறையில்லை; அவருக்கருகே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தாத அரசாங்கத்தின் மீதே குறை.

சட்டத்தை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டா. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் 2022இல் அதே சட்டத்தில் இடம் கண்டார்கள். ஈய நஞ்சு முதலிய தொழில் நோய்களுக்குத் தனி அட்டவணையும் அதிலே உண்டு. சர்வதேசத் தொழில் தாபனம் 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்காகச் சுமந்து வளைந்த முதுகையும் நம் அட்டவணையிலே ஐயத்துக்கு இடமின்றிச் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னரே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. 2021இல் ஆயிரம் ரூபாவுக்கும், 2024இல் 1,350 ரூபாவுக்கும் வாதாடினோம். வாதாடியது நியாயமே. ஆயினும் அந்த ரூபாவுக்கு எத்தனை கிலோ என்பதை நிருவாகத்தின் கையில் விட்டுவிட்டோம். வைத்தியர் துண்டு கொடுத்தால் இலகுவான வேலை, முழுப் பேர், குறைந்த கிலோ என்னும் வரியை அடுத்த சம்பளப் பேச்சிலேயே எழுதிவிடலாம். அரசாங்கத்துக்கு அதனால் ஒரு சதமும் செலவில்லை.

பழுப்பு உறை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை அந்த அம்மையாரைப் பதுளையில் வேறொரு வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறேன். அன்று அவருக்குப் பேர் விழாது.