ஆல்ட்டர் இல்லாத ஊராட்சி

அவிநாசிபாளையத்தில் காலையிலேயே பனியன் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பிவிடும். போய்ச் சேருவது ஏற்றுமதிக் கம்பெனி என்றால், உள்ளே சுவரில் ஒரு பலகை இருக்கும். சூப்பர்வைசர் திட்டக் கூடாது, பெண்களிடம் தப்பாகப் பேசக் கூடாது, கட்டாய ஓ.டி. கூடாது என்று வெளிநாட்டு பையர் எழுதிவைக்கச் சொன்ன விதிகள். பக்கத்தில் பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி. ஆடிட் வரும் வாரத்தில்தான் அந்தப் பெட்டிக்குத் தூசி தட்டுகிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் பலகை என்று ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஊர் திரும்பும் அதே தொழிலாளியிடம், குழாய் இணைப்புக்காக ஒரு வார்டு உறுப்பினர் கைநீட்டினாலோ ஒருமையில் பேசினாலோ, காட்டுவதற்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் எதுவும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 205, ஊராட்சித் தலைவரை நீக்க வழி சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் தானாகவே நடவடிக்கையைத் தொடங்கலாம். இல்லையென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டு தரவேண்டும். விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் கூட்டம் கூட்டி, உறுப்பினர்களின் கருத்தை எழுதி வாங்கி, அதன்பிறகு ஆட்சியரின் முடிவு. இந்த நீண்ட பாதையில் ஓட்டுப் போட்டவருக்கு இடமே இல்லை. அவருக்கு மிச்சம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம்தான். பல்லடம் சாலை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு படிப்படியாக வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு இறங்கி, கடைசியில் புகாருக்கு ஆளானவர் தினமும் டீ குடிக்கும் அலுவலகத்துக்கே 'நடவடிக்கைக்காக' வந்து சேரும்.

2023 காந்தி ஜெயந்தி அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளையார்குளம் கிராம சபையில் கேள்வி கேட்ட விவசாயியை ஊராட்சிச் செயலர் எட்டி உதைத்தார். உடனே பணியிடை நீக்கம். உதைத்தவர் ஊழியர் என்பதால் அது முடிந்தது. அவரே தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்திருந்தால்? போலீஸ் வழக்குப் போட்டிருக்கலாம். பதவியைப் பொறுத்தவரை, அடியோடு நீக்கம் அல்லது ஒன்றுமே இல்லை. பனியன் தொழிலில் இப்படிச் செய்தால் கம்பெனி தாங்காது. செக்கிங்கில் தையல் பிசகிய பீஸைச் சரிசெய்ய ஆல்ட்டருக்கு அனுப்புவார்கள். அதிலும் தேறாததுதான் ரிஜெக்ட். உள்ளாட்சியில் ஆல்ட்டர் டேபிளே கிடையாது.

நகரங்களிலும் இதே கதிதான். 2025 மார்ச்சில் சென்னையில் இருவர், தாம்பரத்தில் ஒருவர் என மூன்று கவுன்சிலர்களையும், உசிலம்பட்டி நகராட்சித் தலைவரையும் மாநில அரசு பதவி நீக்கம் செய்து ஆணையிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓர் அரசுச் செயலாளரின் கையெழுத்து வெளியே அனுப்பலாமா என்பதே எனக்கு உறுத்தல். புகார் உண்மையாக இருந்தாலும், ஆளுங்கட்சியின் கையில் இருக்கும் கத்தி யார் மேல் விழும், யார் மேல் விழாது என்ற சந்தேகம் ஊரில் போகாது. கவுன்சிலர் மேல் குறை என்றால் ஜனம் முதலில் கட்சியின் மாவட்டச் செயலாளரைத் தேடிப் போவதும் இதனால்தான்.

உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கென்று (ஆம்புட்ஸ்மன்) 2014-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது ஊழலுக்கும் நிர்வாகச் சீர்கேட்டுக்கும் உரியது. வாய்த்துடுக்குக்காக யாரும் சென்னையில் இருக்கும் நடுவத்துக்கு மனு அனுப்பப் போவதில்லை.

இங்கிலாந்து இதில் ஒருமுறை சுட்டுக்கொண்டது. கவுன்சிலர்களை இடைநீக்கம் செய்யும் அதிகாரத்தை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பத்து வருடத்துக்குள் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூர் மன்றத்தின் இணையவழிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கத்திக்கொண்ட வீடியோவை உலகமே பார்த்துச் சிரித்தது. 2024 டிசம்பரில், இடைநீக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று அரசே கருத்துக் கேட்டது.

நமக்கு வேண்டியதும் அந்த நடுப்படிதான். மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் சிறு குழு. இரண்டு மாதத்தில் முடிவு. தவறு என்றால் கிராம சபையில் வாசிக்கப்படும் கண்டனம், அதற்கு மேல் போனால் சில கூட்டங்களுக்குத் தடை. இரண்டு மாதம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. நிலுவையில் கிடந்த புகார்களுக்கு அன்றே பொருள் இல்லாமல் போனது.

இந்தக் குழுவையும் ஆயுதமாக்குவார்கள் என்ற பயம் நியாயமானது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்கள். படம் வெளியே வந்தபிறகுதான் துணைத்தலைவர் மேல் வழக்கு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து யாருக்கு எதிராக எளிதில் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் கையெழுத்துக் கணக்கில்லாமல், தனி ஆள் ஒருவர் தந்தாலும் புகாரை எடுக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலுக்கு என்னிடமும் விடை இல்லை. இடங்களில் பாதி பெண்களுக்கு. பல வார்டுகளில் கையெழுத்து மனைவியுடையது, கைநீட்டுவது கணவர். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் பேனாவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வியே, "யார் பேரைப் போடட்டும்ங்க?"