பீருக்கு எந்த சைடு டிஷ்? ஒரு டாக்டரோட பதில்

1/ எந்த பீருக்கு எந்த சாப்பாடு பொருந்தும்னு ஒரு வீடியோவை நண்பர் அனுப்பியிருந்தார். கோதுமை பீருக்கு மியூனிக் வெள்ளை சாசேஜ், கறுப்பு ஸ்டவுட்டுக்கு கடல் சிப்பி, லாகருக்கு வறுத்த கறி. "டாக்டர், இதெல்லாம் சரியா?"

2/ நாக்குக்கு சரிதான். ஸ்டவுட்டின் கசப்பும் சிப்பியின் உப்பும் நல்லாவே சேரும். ஆனா நாக்கோட வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். மிச்ச வேலை கல்லீரலுக்கும் கிட்னிக்கும்.

3/ நாற்பது வயசைத் தாண்டின ஒருத்தர் காலையில நொண்டிக்கிட்டே வந்தார். கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது சார். போர்வை பட்டாலே உயிர் போகுது." முந்தின நாள் ரெண்டு பீர், ஈரல் வறுவல், நெத்திலி ஃப்ரை. இதுதான் கவுட்.

4/ காரணம் என்ன? ஈரல், நெத்திலி, மட்டி இதுலல்லாம் பியூரின் அதிகம். உடம்பு அதை யூரிக் ஆசிட்டா மாத்தும். பீர்லயும் பியூரின் இருக்கு. கூடவே ஆல்கஹால், யூரிக் ஆசிட் உற்பத்தியைக் கூட்டும். கிட்னி அதை வெளியேத்துறதைக் குறைக்கும். ஆக, மூணு பக்கத்துலருந்தும் அடி.

5/ 2004-ல் லான்செட்டில் வந்த அமெரிக்க ஆய்வு: 47,150 ஆண்கள், 12 வருஷம். தினமும் குடிக்கிற ஒவ்வொரு பீருக்கும் (355 மி.லி.) கவுட் ஆபத்து சுமார் 50% கூடியது. விஸ்கி மாதிரி மதுவுக்கு 15%தான். அதுக்காக விஸ்கிக்கு மாறிடாதீங்க!

6/ "பீர்தானே சார், சரக்கு இல்லையே?" 8% ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில்ல (650 மி.லி.) சுமார் 41 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் விஸ்கியில சுமார் 61 கிராம். அதாவது ஒரு பாட்டில் பீர், முக்கால் குவார்ட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம்.

7/ காரமும் உப்பும் தூக்கலா இருக்கிற சைடு டிஷ் தாகத்தைக் கூட்டும். ஐ.பி.ஏ. மாதிரி கசப்பு பீர் காரத்தோட எரிச்சலை இன்னும் ஏத்தும். அடுத்த பாட்டில் தானா திறக்கும்.

8/ என் கருத்து: குடிக்காம இருக்கறதுதான் நல்லது. குடிக்கிறவங்க வெறும் வயித்துல குடிக்காதீங்க. சுண்டல், அவிச்ச வேர்க்கடலை, அவிச்ச முட்டை, பனீர் போதும். பயறு வகைகள்ல பியூரின் இருந்தாலும் அது கவுட் ஆபத்தைக் கூட்டுறதா ஆய்வுகள்ல தெரியலை. முட்டை, பனீர்ல பியூரினே ரொம்பக் கம்மி.

9/ ஏற்கனவே கவுட் இருக்கறவங்களுக்கு எந்த ஸ்டைல் பீரும் பொருந்தாது. ஆல்கஹால் இல்லாத பீர்லயும் பியூரின் உண்டு.

10/ அடுத்த தடவை மெனு கார்டைப் பார்க்கும்போது நாக்கை மட்டும் கேட்காதீங்க மக்களே. பெருவிரலையும் ஒரு வார்த்தை கேளுங்க.