பொம்மைக் கடையில் தப்பிய முயல்

2006 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு விநோதமான பண்டமாற்று நடந்தது. டிஸ்னி குழுமத்தின் தொலைக்காட்சிகளில் புகழ்பெற்றிருந்த விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ், போட்டி நிறுவனமான என்.பி.சி.க்குப் போக விரும்பினார். அவரை விடுவிக்க டிஸ்னி கேட்டவற்றில் ஒரு முயலும் இருந்தது. நீண்ட கறுப்புக் காதுகளும் அரைக்கால் சட்டையுமாக 1927இல் வால்ட் டிஸ்னியும் அவருடைய கூட்டாளி அப் ஐவர்க்ஸும் உருவாக்கிய ஆஸ்வால்ட்தான் அது.

ஆஸ்வால்ட் கைவிட்டுப் போன கதை பலருக்கும் தெரிந்ததே. 1928இல் வால்ட் நியூயார்க் போய்ப் படத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் கேட்டார். இடையில் நின்று வியாபாரத்தை நடத்திய சார்ல்ஸ் மின்ட்ஸ், இருப்பதையும் குறைக்கப் பார்த்தார். வால்டின் ஓவியர்கள் பலரை அதற்குள் வளைத்தும் போட்டிருந்தார். முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. வெறுங்கையோடு திரும்பிய வால்டும் அணி மாறாத ஐவர்க்ஸும் சேர்ந்து மிக்கி மவுஸைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது அடுத்த பகுதி. 2006இல், யுனிவர்சலோடு இணைந்திருந்த என்.பி.சி.யிடமிருந்து பெயரும் உரிமையும் திரும்பி வந்தபோது, வால்ட் எடுத்த 26 ஆஸ்வால்ட் படங்களில் பல எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை.

படங்கள் சாதாரணமானவை என்பதால் தொலைந்தன என்று நினைக்க வேண்டாம். முதலில் வெளியான ‘ட்ராலி ட்ரபிள்ஸ்’ படத்தில் ஆஸ்வால்ட் ஒரு டிராம் வண்டியை ஓட்டுகிறது. தண்டவாளத்துக்கு ஏற்ப வண்டி அகலமாகும், ஒடுங்கும். நிலைமை மோசமானதும் முயல் தன் காலையே கழற்றி எடுத்து அதிர்ஷ்டம் வேண்டுகிறது. முயல்கால் வைத்திருந்தால் நல்லது நடக்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. ‘ஓ, வாட் எ நைட்’ இன்னும் குறும்பு. வாள்சண்டைக்கு நடுவே நாயகன் காதலியை முத்தமிடப் போய்விடுவான்; அவனுடைய நிழல் தனியே நின்று எதிரியோடு மோதிக்கொண்டிருக்கும். உடம்பே விளையாட்டுப் பொருளாகிற இந்தத் துணிச்சல் பின்னாளைய டிஸ்னியின் பளபளப்பான நீளப் படங்களில் குறைந்துவிட்டது. அவற்றைவிட இந்த ஐந்தாறு நிமிடப் படங்களே மேல் என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். வரட்டும்.

அன்றைய திரையரங்குக்கு கார்ட்டூன் என்பது முழுநீளப் படத்துக்கு முன் போடும் கொசுறு. ஓடித் தேய்ந்த பிரதியைப் பத்திரப்படுத்த யாருக்கும் காரணம் இல்லை. திரையரங்குப் பிரதிகள் 35 மி.மீ. நைட்ரேட் பிலிமில் இருந்தன. அது எளிதில் தீப்பற்றும். தீப்பிடிக்காவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும் படம் வந்த பிறகு மவுனப் படத்துக்குச் சந்தையும் இல்லை. 1948இல் யுனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மவுனப் பட நெகட்டிவ்களைத் தானே அழித்தது.

காப்பாற்றியது வேறொரு வியாபாரம். 1923இல் கோடாக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்காக 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தது. வீட்டில் தீ விபத்து நேரக்கூடாது என்று அதை ‘சேஃப்டி’ பிலிமாகவே தயாரித்தார்கள். பணக்கார வீட்டு வரவேற்பறைக்கும் பொம்மை புரொஜெக்டருக்கும் என்று கார்ட்டூன்களை வெட்டிச் சுருக்கி விற்றார்கள். அரங்கில் ஓடிய அசல் சாம்பலானது, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த துண்டு நிலைத்தது.

ஜப்பானிய அனிமேஷன் வரலாற்றாசிரியர் யசுஷி வதனபே பதின்வயதில் ஒசாகாவின் பொம்மை மொத்த வியாபாரி ஒருவரிடம் 500 யென் கொடுத்து ஒரு சின்னச் சுருளை வாங்கினார். அதன்மீது இருந்தது மிக்கியின் பெயர். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, தொலைந்த ஆஸ்வால்ட் படங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்தவருக்குச் சந்தேகம் தட்டியது. 2018இல் உறுதியானது: அது 1928இல் வந்த ‘நெக் அண்டு நெக்’ படத்தின் இரண்டு நிமிடத் துண்டு. மிக்கி பிறப்பதற்கு முன்பே எடுத்த படம், மிக்கியின் பெயரில் விலைபோயிருக்கிறது.

இங்கிலாந்தில் தனியார் காப்பகம் ஒன்றில் ‘ஹங்ரி ஹோபோஸ்’ கிடைத்தது. 2011இல் ஏலத்துக்கு வந்தபோது டிஸ்னி நிறுவனமே 31,000 டாலருக்குச் சற்று மேல் கொடுத்து அதை வாங்கியது. தன் நிறுவனர் எடுத்த படத்தைச் சந்தையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை!

இப்படிச் சுருள்களைக் காப்பாற்றிய சேகரிப்பாளர்களைத் திருடர்களாக நடத்திய தொழில் சினிமா. 1974இல் நடிகர் ராடி மெக்டவலின் வீட்டில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட படப் பிரதிகளை அள்ளிச் சென்றது. அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அப்படியொரு சோதனைக்குப் பிறகு, பரணில் பழைய சுருள் வைத்திருந்த எவர் வாய் திறப்பார்? அமெரிக்கச் சட்டம் இந்தப் படங்களுக்கு 95 ஆண்டு காப்புரிமை தந்தது. 1927இல் வந்தவை 2023இல்தான் பொதுவுடைமை ஆயின. நைட்ரேட் அவ்வளவு காலம் பொறுத்திருப்பதில்லை. பிலிமின் ஆயுளைத் தாண்டி நீளும் உரிமையை வைத்திருப்பவருக்கு, அந்தப் பிலிமைக் காக்கும் கடமையைச் சட்டம் விதிக்காதது பெரிய ஓட்டை.

சுருளைச் சுத்தம் செய்து, கீறல் நீக்கி, புதிய பிரதி எடுக்கப் பணம் வேண்டும், அது பெரிய நிறுவனங்களிடம்தான் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ‘ஹங்ரி ஹோபோஸ்’ புதுப்பொலிவு பெற்றதும் டிஸ்னியின் செலவில்தான். ஆனால் தொலைந்ததை முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே? ‘ஸ்லெய் பெல்ஸ்’ படம் 1981இல், மூடப்பட்ட லண்டன் பிலிம் லேப் ஒன்றிலிருந்து பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்துக்கு வந்தது. அங்கே அது 30 ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. காப்பகம் தன் பட்டியலை இணையத்தில் திறந்து வைத்திருந்ததால்தான் ஓர் ஆய்வாளரின் கண்ணில் அது பட்டது. 2015 டிசம்பரில் லண்டனில் மறுபடி திரையேறியது.

செலவு குறைந்த வழி இதுதான். காப்பகங்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருக்காமல், பெயர் தெரியாத சுருள்களையும் தவறாக எழுதிய லேபிள்களையும் அப்படியே பட்டியலில் ஏற்றலாம். வீட்டில் சுருள் வைத்திருப்பவர் பயமின்றி எடுத்துவந்து காட்ட உரிமையாளர்கள் எழுத்துப்பூர்வமாக உறுதி தரலாம். ஆஸ்வால்டின் வேறு சில படங்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவற்றில் எது எந்த ஊரில் ‘மிக்கி’ என்ற தப்பான லேபிளோடு கிடக்கிறதோ.