தெருமுனை மோதல்

கொல்கத்தாவில், நம்மவர் பலர் வாழும் லேக் மார்க்கெட் பக்கம் இரு கார்கள் உரசிக்கொண்டால் உடனே கூட்டம் கூடிவிடும். அவற்றுள் ஒன்று அம்பாஸடராக இருந்துவிட்டாலோ, உரசலை மறந்து காரின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுவோம்.

உருண்ட பானெட்டும் வட்ட விளக்குகளும் கனத்த இரும்புப் பம்பரும் கண்டால் அது அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, 1950-களின் இறுதி முதல் 2014 வரை உத்தரபாராவில் உருவானது. பின்புற ஓரங்கள் மீன்துடுப்புபோல் நிமிர்ந்திருந்தால் அது பழைய பியட். பின்னாளில் பிரீமியர் பத்மினி. மும்பை டாக்சிகளில் அது 2023 அக்டோபரில் விடைபெற்றது.

“புதுக்கார் நொறுங்கிற்று, பழையது அசையவில்லை, அக்காலத்து இரும்பல்லவா!” என்பர் அன்பர்கள். பெருமை சரி, முடிவு பிழை. புதுக்காரின் முன்பகுதி, மோதலின் வேகத்தைத் தானே ஏற்று மடியுமாறு அமைக்கப்பட்டது. மடியாத இரும்போ அவ்வேகத்தை உள்ளிருப்போர் உடலுக்கே அனுப்பும். பழைய வண்டிகளில் காற்றுப்பை இல்லை. பலவற்றின் பின்னிருக்கையில் வாரும் இல்லை.

ஆகவே மோதலைக் கண்டால் முதலில் நோக்க வேண்டியது பம்பரை அன்று. பின்னிருக்கையிலுள்ள பாட்டியையும் குழந்தையையும். தலையில் பட்ட அடி வெளியே தெரியாமலும் இருக்கலாம். வாந்தியோ மயக்கமோ கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்க. அடுத்து, வண்டி எண்ணையும் இன்ஷூரன்ஸ் விவரத்தையும் குறித்துக்கொள்க. மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமானது.

பழங்காரின் பெருமையை அதன்பின் ஆறஅமரப் பேசுவோம்.