நிறுத்தியிருக்க வேண்டிய ஆட்டம்

(12-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்)

நம் சுவரிதழில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதியாகிவிட்டது, சதுரங்கத்தைப் பற்றி எழுதியாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டிருப்பது டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம். “அதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று சில ஆசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது! கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள் ஐயா. யார் யாரைத் தூக்கிப் போட்டார் என்று எழுத வரவில்லை. 1999-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி ஒரு நிகழ்ச்சியின் நடுவே ஒரு வீரர் மேலிருந்து விழுந்தார். உயிர் போனது. நிகழ்ச்சி மட்டும் நிற்கவில்லை, கடைசி வரை நடந்தது. அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அந்த நிகழ்ச்சியின் பெயர் ‘ஓவர் தி எட்ஜ்’. விளிம்பைத் தாண்டி என்று அர்த்தம். (பெயரைப் பாருங்கள்!) அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில், கெம்பர் அரினா என்ற உள்ளரங்கில் நடந்தது. இது ‘பே பெர் வியூ’ வகை, அதாவது அந்த ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியாகக் காசு கட்டினால்தான் வீட்டு டி.வி.யில் வரும். வாராவாரம் வரும் ‘ரா’ நிகழ்ச்சியில் சண்டைக்கதையை வளர்த்துக்கொண்டே போய், முடிவை இதில்தான் வைப்பார்கள். அந்தக் காலத்தில் நிறுவனத்தின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயற்கை பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் அதே எழுத்துகளை வைத்திருந்ததால் வழக்கு வந்து, 2002-இல்தான் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. எங்கள் சித்தப்பாவுக்கு இன்னும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான்! அவர் பள்ளியில் படித்தபோது சேர்த்த ட்ரம்ப் கார்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் போட்டிருக்கும்.

விழுந்தவர் பெயர் ஓவென் ஹார்ட். கனடாவின் கால்கரி நகரத்துக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் மல்யுத்த வீரர், வீட்டின் நிலவறையிலேயே பயிற்சிக்கூடம் வைத்துப் பலரை உருவாக்கியவர். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், கடைக்குட்டி ஓவென். உலக சாம்பியன் பிரெட் ஹார்ட் இவருடைய அண்ணன். 1994-இல் பத்தாவது ரெஸில்மேனியாவில் அண்ணனும் தம்பியும் மோதியதில் தம்பிதான் ஜெயித்தார். அந்தப் போட்டியைப் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். ஒரு குத்துகூட வீணாக இருக்காது.

1999-இல் அவருக்குக் கொடுத்திருந்த வேஷம் ‘புளூ பிளேசர்’. நீல முகமூடி, இறகு வைத்த அங்கி, சூப்பர் ஹீரோ போல நடை. பால் குடியுங்கள், வைட்டமின் சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்லும் காமெடி பாத்திரம். அன்றைக்கு ‘தி காட்ஃபாதர்’ என்பவரோடு இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்குப் போட்டி. கூரையிலிருந்து கம்பியில் இறங்கி வர வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் கம்பியில் சிக்கிக்கொண்டது போல நடித்து, பிறகு கொக்கியைத் தானே விடுவித்துக்கொண்டு குப்புற விழ வேண்டும். கூட்டம் சிரிக்க வேண்டும். திட்டம் இதுதான்.

இந்தச் சிரிப்புக்காகத்தான் சட்டென்று கழன்றுகொள்ளும் கொக்கியை மாட்டினார்கள். அது பாய்மரப் படகில் பயன்படுத்துகிற வகை. மூன்று கிலோவுக்கும் குறைவான இழுப்பிலேயே திறந்துகொள்ளுமாம். நம் புத்தகப் பையின் எடையே அதைவிட அதிகம்! ஒரு ஆளைக் கூரையில் தொங்கவிடுவதற்கு அது போதுமா? இரண்டாவதாகப் பாதுகாப்புக் கயிறு ஒன்றும் இல்லை. இறங்கத் தொடங்குவதற்குள்ளேயே கொக்கி திறந்துகொண்டது. 78 அடி. ஏழு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் கயிற்றில் மோதி மேடைக்குள் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 34. வீட்டில் மனைவி மார்த்தா, ஏழு வயது மகன், மூன்று வயது மகள்.

அந்த நேரத்தில் அரங்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு, முன்பே பதிவு செய்த ஓவெனின் பேட்டியைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பார்த்தவர்களுக்கும் அந்தப் பேட்டிதான் தெரிந்தது. விழுந்த காட்சி ஒளிபரப்பாகவில்லை. பிறகும் காமிராவைக் கூட்டத்தின் பக்கமே திருப்பி வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை, உண்மையாகவே நடந்த விபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது? யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மல்யுத்தத்தில் ஸ்ட்ரெச்சர் வரும், ஆம்புலன்ஸ் வரும், ஆள் செத்துப்போனதாகக்கூடக் காட்டி அடுத்த மாதம் எழுந்து வருவார்! அரங்கில் இருந்தவர்களிலேயே சிலர், விழுந்தது பொம்மை என்று நினைத்தார்களாம்.

நம் பள்ளிப் பேருந்தில் தினமும் நடக்கிற சண்டை இதுதானே? “எல்லாம் செட்டப்புடா”, “போடா, அடிச்சா நெசமாவே வலிக்கும்டா”. இரண்டும் சரிதான். யார் ஜெயிப்பார் என்பது முன்பே எழுதப்பட்டது. உடம்பு நிஜ உடம்பு. 1997-இல் இதே ஓவென் போட்ட ஒரு பிடி தவறிப்போய் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து எலும்பு உண்மையாகவே முறிந்தது. ஆஸ்டின் எழுந்து நடந்ததே பெரிய விஷயம்.

எதையும் நம்ப வைப்பதே தொழிலாக உள்ள ஒரு நிறுவனம், ‘இது நிஜம்’ என்று சொல்ல வேண்டிய ஒரு நாளில் எப்படிச் சொல்லும்? அறிவிப்பாளர் கண் கலங்கினால் அதையும் நடிப்பு என்பார்கள். மிஞ்சுவது ஒரே வழிதான். விளக்கைப் போட்டு, “இன்றைக்கு இவ்வளவுதான், வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்வது. அப்படிச் சொல்லியிருந்தால் கடைசி வரிசையில் இருந்தவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் என்ன செய்தார்கள்? ஓவெனை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, சிறிது நேரத்தில் அடுத்த போட்டியைத் தொடங்கிவிட்டார்கள். அவர் விழுந்த அதே மேடையில்.

அடுத்து மேடை ஏறியவர் யார் தெரியுமா? ஜெஃப் ஜாரெட். ஓவெனின் நெருங்கிய நண்பர். அதே ஆண்டுத் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து ஜோடிப் பட்டம் வைத்திருந்தவர்கள். நண்பனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, இசை ஒலித்ததும் மேடைக்குப் போக வேண்டியிருந்தது. நம் வகுப்பில் பக்கத்து பெஞ்ச் பையன் மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று வையுங்கள். ஆம்புலன்ஸ் போன பத்து நிமிஷத்தில் “சரி, அடுத்த பாடம்” என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

விபத்துக்குப் பிறகு மொத்தம் 5 போட்டிகள் நடந்தன. ராக், டிரிபிள் எச், அண்டர்டேக்கர், ஆஸ்டின் எல்லாரும் இறங்கினார்கள். நடுவில், விழுந்து ஒரு மணி நேரம் போல ஆனபோது, ஓவென் இறந்துவிட்டார் என்று ஜிம் ராஸ் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னார். அரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை! கடைசிப் போட்டியில் அண்டர்டேக்கர் ஆஸ்டினைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார், நடுவராக இருந்த ஷேன் மெக்மஹன் வேகமாக எண்ணி ஏமாற்றினார். கூட்டமும் வழக்கம் போலக் கத்தியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குத்தான் தெரியாதே.

என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, “கூட்டம் கலாட்டா பண்ணியிருக்கும்டா”. கொஞ்சம் நியாயம் உண்டு. 1985-இல் பெல்ஜியத்தில் ஹெய்சல் மைதானத்தில் சுவர் இடிந்து 39 பேர் இறந்த பிறகும் கால்பந்து இறுதிப்போட்டியை நடத்தினார்கள், இன்னும் பெரிய கலவரம் வரும் என்ற பயத்தில். ஆனால் அங்கே மோதிக்கொண்ட இரண்டு கூட்டங்கள் இருந்தன. கெம்பர் அரினாவில் அப்படி யாரும் இல்லை. உண்மையைச் சொல்லி, டிக்கெட் காசையும் திருப்பித் தருகிறோம் என்றால் யார் கலாட்டா செய்யப் போகிறார்கள்?

இரண்டாவது, “அந்தப் பதற்றத்துல யாருக்கு என்ன முடிவெடுக்கத் தோணும்?” முதல் அரை மணி நேரத்துக்கு இது சரி. உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நேரம் அது. ஆனால் செய்தி வந்துவிட்டதே! வந்த செய்தியை ஒளிபரப்பில் சொல்லவும் செய்தார்களே! அதற்குப் பிறகும் கடைசிப் போட்டி நடந்ததற்குப் பதற்றம் ஒரு காரணம் ஆகாது.

மூன்றாவதாக, “கலைஞன்னா மேடையை விட்டு இறங்கக் கூடாது, ஓவெனே அதைத்தான் விரும்பியிருப்பாரு” என்கிறார்கள். இறந்தவர் விரும்பியிருப்பார் என்று உயிரோடு இருப்பவர்கள் சொல்வது ரொம்ப சௌகரியம். அவர் மறுத்துப் பேசப் போவதில்லை.

நிறுத்த முடியும் என்பதற்கு கிரிக்கெட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2014 நவம்பர் 25-இல் சிட்னி மைதானத்தில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். அந்த ஆட்டம் அன்றே கைவிடப்பட்டது. 27-ஆம் தேதி அவர் இறந்தபோது, எங்கோ ஷார்ஜாவில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் ஆடிக்கொண்டிருந்த டெஸ்டில் அன்றைய ஆட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்து நடக்க வேண்டிய இந்தியா–ஆஸ்திரேலியா முதல் டெஸ்டும் தள்ளிப் போனது. 2021 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்திலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அவருக்கு நினைவு திரும்பியது தெரிந்த பிறகுதான் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதையே, ஆடியிருக்கக் கூடாது என்று டென்மார்க் பயிற்சியாளர் பிறகு சொன்னார். பிழைத்தவருக்கே இப்படி!

மறுநாள் மே 24-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ‘ரா’ நிகழ்ச்சி முழுவதையும் ஓவெனுக்காகவே நடத்தினார்கள். எல்லாரும் வரிசையாக நிற்க பத்து முறை மணி அடித்தது. கதை, பகை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் காமிரா முன்னால் விம்மி அழுதார்கள். கழுத்து முறிந்த ஆஸ்டின்தான் கடைசியில் வந்து மரியாதை செலுத்தினார். அதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் எனக்குக் கோபமும் அங்கேதான் வருகிறது. எப்படி மரியாதை செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் தாமதமாகத் தெரிந்திருக்கிறது!

மார்த்தா ஹார்ட் வழக்குப் போட்டார். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் ஒரு பங்கைக் கொண்டு கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வந்தார். ஓவெனை டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ரசிகர்கள் பலர் கேட்டபோது அவர் இசையவில்லை. பிடிவாதம் என்று சிலர் சொல்கிறார்கள். பிடிவாதமாகவே இருக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு.

‘ஓவர் தி எட்ஜ்’ என்ற பெயரில் அதற்குப் பிறகு நிகழ்ச்சி வரவில்லை. 2000 மே மாதம் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். 1999 நிகழ்ச்சியை வீடியோவாகவும் பல ஆண்டுகள் வெளியிடவில்லை. 2014-இல் தங்கள் சொந்த இணைய ஒளிபரப்பைத் தொடங்கியபோதுதான் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ஓவெனின் படமும் நினைவஞ்சலியும் வரும். விபத்து பற்றிய பகுதிகளை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த 5 போட்டிகளையும் வைத்திருக்கிறார்கள்.