தமிழாய்வில் சான்று காட்டும் முறை: பெயர், பதிப்பு, வாய்மொழி

முன்னுரை

ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்த பின்னர், அனுப்புவதற்கு முன்னுள்ள ஓரிரு நாள்களில் செய்யப்படும் எழுத்தர் பணியாகவே துணைநூற்பட்டியல் நம்மிடையே கருதப்பட்டு வருகிறது. இதழ்களின் நெறிமுறைத் தாளில் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு என்றோ எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பு என்றோ ஒரு வரி இருக்கும். கட்டுரையாளர் காற்புள்ளியையும் அடைப்புக்குறியையும் இடம் மாற்றி வைத்து அனுப்பிவிடுவார். சான்று காட்டுதல் அத்துடன் முடிவதன்று. இக்கருத்து யாருடையது, படிப்பவர் இதனை எங்கே சென்று சரிபார்க்கலாம் என்னும் இரண்டு வினாக்களுக்கு அது விடை கூற வேண்டும். அவ்விரு வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டு தமிழாய்வுக்கெனப் பொதுநெறி ஒன்றைத் தமிழ்த்துறைகளும் இதழ்களும் கூடி வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மரபு தரும் பாடம்

சான்று காட்டுதல் மேலைநாட்டிலிருந்து வந்த வழக்கம் எனக் கருதுவோர் உளர். தமிழ் உரையாசிரியர்கள் மேற்கோள்களால் உரை வளர்த்தவர்கள். எனினும் அவர்கள் காட்டிய பாடல்கள் பலவற்றுக்கு நூற்பெயர் இல்லை. அதனால் எந்நூலைச் சார்ந்தவை என்று இன்றுவரை தெளியப்படாத பழம்பாடல்கள் உரைகளில் பலவாக உள்ளன. இதற்கு மாறாகப் புறத்திரட்டைத் தொகுத்தவர், தாம் எடுத்த பாடல்கள் எந்நூலின என்று சுட்டிச் சென்றார். முழுநூலாகக் கிடைக்காத முத்தொள்ளாயிரம், வளையாபதி, தகடூர் யாத்திரை ஆகியவற்றின் பாடல்களை இன்று பெயர் சொல்லிப் படிக்க முடிவதற்கு அக்குறிப்புகள் பெருந்துணை. பழைய தகடூர் நம் சேலத்திற்கு அண்டையிலுள்ள தருமபுரியே. இம்மண்ணில் நிகழ்ந்த போரைப் பாடிய நூல் ஒன்று மறைந்த பின்னும் அதன் பெயர் பிழைத்திருப்பது, மேற்கோள் எடுத்தோர் மூலத்தைச் சொன்னதால் விளைந்த பயன். அச்சுக் காலத்தில் உ. வே. சாமிநாதையரும் தமக்கு ஏட்டுச்சுவடிகள் கிடைத்த இடங்களையும் உதவியோர் பெயர்களையும் பதிப்பு முகவுரைகளில் எழுதிவைத்தார். ஆகவே மூலம் சுட்டும் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. வடிவம் மட்டுமே புதிது.

பெயர்

ஏ.பி.ஏ. முறை குடும்பப்பெயரை முன்னிறுத்துகிறது. தமிழர் பெயரில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும். இறுதியில் நிற்பது ஒருவரது சொந்தப் பெயர். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மகனாகிய சாமிநாதையரை ஆங்கிலப் பட்டியல்கள் 'ஐயர், உ. வே. சா.' என்றும், எஸ். வையாபுரிப்பிள்ளையைப் 'பிள்ளை, எஸ். வி.' என்றும் அடுக்கும்போது, ஒருவரது பெயர் பின்னுக்குப் போய்ச் சாதிப்பட்டமே அகரவரிசையின் தலைச்சொல்லாகிறது. 1929 இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டிற்குப் பின்னர்ச் சாதிப்பட்டம் துறத்தலை ஓர் இயக்கமாகவே நடத்திய சமூகத்தில் இஃது ஒரு முரண். பட்டம் இல்லாத இன்றைய ஆய்வாளர்க்கோ வேறோர் இடர் நேர்கிறது. இணையப் படிவம் கடைப்பெயர் கேட்க, அவர் தந்தை பெயரை நிரப்ப, அவர் எழுதிய கட்டுரை தந்தையின் பெயரால் மேற்கோளாகிறது. நூலின் முகப்பில் பெயர் உள்ளவாறே சொந்தப் பெயரை முதலிலும் முன்னெழுத்துகளைக் காற்புள்ளிக்குப் பின்னும் தருதல், பட்டத்தைத் தனியே பிரிக்காதிருத்தல் என்னும் இரண்டு விதிகளே இவ்விடரைப் பெரிதும் நீக்கும்.

பதிப்பு

சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டி, 'சாமிநாதையர், 2014' என அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் பெருகி வருகிறது. சாமிநாதையர் மறைந்த ஆண்டு 1942. புலவரின் பாடல் பதிப்பாசிரியர்க்கு உரியதாகிறது. பதிப்பாசிரியரோ மறுபதிப்பு ஆண்டில் எழுதியவர் ஆகிவிடுகிறார். இக்குறைக்கு ஏ.பி.ஏ. முறையைப் பழிப்பது நேர்மையன்று. பழைய நூல்களுக்குப் பக்க எண்ணை விடுத்து, வழிவழி வந்த பகுப்பெண்ணைத் தருமாறு அம்முறையே கூறுகிறது. நம்முடைய 'நூற்பெயர், பாடல் எண், அடி எண்' என்னும் வழக்கம் அதனோடு முழுதும் பொருந்துவது.

ஆயினும் பாடல் எண் மட்டும் போதாது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915 இலும் சாமிநாதையர் 1937 இலும் பதிப்பித்தனர். பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடுகள் உண்டு. கம்பராமாயணத்திலோ பாடல் எண்களே பதிப்புதோறும் மாறும்; தொல்காப்பிய நூற்பா எண்கள் உரைக்கு உரை வேறுபடும். ஒரு சொல்லின் வடிவத்தை வைத்து முடிவு கூறும் ஆய்வாளர் எந்தப் பதிப்பின் பாடத்தைக் கொண்டார் என்று சொல்லாவிடின், அம்முடிவைச் சரிபார்க்க வழியில்லை. ஆதலால் கட்டுரையின் உள்ளே நூற்பெயரும் பாடல் எண்ணும், பட்டியலில் நூற்பெயரின்கீழ்ப் பதிப்பாசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு ஆகியனவும் அமைதல் வேண்டும். மதுரைத் திட்டத்தின் மின்னுரையில் பாடலைக் கண்டவர் அதனையே குறிப்பிட வேண்டும். கண்ணால் காணாத அச்சுப்பதிப்பைப் பட்டியலில் ஏற்றுவது அழகுக்காகச் செய்யும் பொய்.

வாய்மொழி

இவை அனைத்திலும் பெரிய சிக்கல் களஆய்வில் உள்ளது. கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற, சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலம் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் பாடும் தாலாட்டையோ ஒப்பாரியையோ ஆய்வாளர் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். பொதுவாக ஏ.பி.ஏ. முறையில் பிறர் சென்று காண இயலாத தனிவழிச் செய்தி பட்டியலில் இடம்பெறாது; ஆய்வின் பொருட்டுச் சந்தித்தவர் கூற்று தரவாக மட்டுமே கருதப்படும். விளைவு யாது? பாடியவர் பட்டியலில் இல்லை. பதிவு செய்தவர் இருக்கிறார். அடுத்து வரும் ஆய்வாளர் அப்பாடலை எடுத்தாளும்போது ஆய்வேட்டின் ஆசிரியர் பெயரையே சுட்டுவார். இரண்டு மேற்கோள்களுக்குள் பாட்டின் உரிமை கைமாறிவிடுகிறது. உரைகளில் தாய்நூல் தெரியாமல் நிற்கும் பழம்பாடல்களின் நிலையை நாமே மீண்டும் உண்டாக்குகிறோம்.

நம் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் தகவலாளர் பட்டியல் என ஒன்றைப் பின்னிணைப்பில் தருவது நல்ல வழக்கம். அது பின்னிணைப்பிலேயே தங்கிவிடாமல், இதழ்க் கட்டுரையின் மூலங்களுள் 'வாய்மொழிச் சான்றுகள்' என்னும் தனிப்பிரிவாக வர வேண்டும். பாடியவர் பெயர், அகவை, தொழில், ஊர், பதிவு செய்த நாள், ஒலிப்பதிவு இருக்கும் இடம் ஆகியன அதில் அமையலாம். சாதியைக் குறிக்கும் பழைய வழக்கத்தை ஆய்வுப்பொருள் வேண்டினாலன்றித் தவிர்த்தல் நன்று. பெயரை வெளியிடுவதற்குப் பாடியவரின் இசைவு இன்றியமையாதது. அவர் விரும்பாவிடில் ஊரும் நாளுமேனும் நிற்கட்டும். ஊர்ப்பெயரும் ஒரே எழுத்துவடிவில் நிற்றல் வேண்டும். ஒரு கட்டுரையில் 'நாயக்கன்பட்டி' எனவும் மற்றொன்றில் 'நாய்க்கன்பட்டி' எனவும் எழுதப்பட்டால், கணினித் தேடல் இரண்டையும் ஓரூராக அறியாது. ஒலிப்பதிவுகளைத் துறை நூலகங்கள் எண்ணிட்டுக் காப்பின், பிறர் சென்று காண இயலாது என்னும் தடையும் நீங்கும்.

முடிவுரை

உலக இதழ்கள் ஏற்ற முறையை விடுத்துத் தனிமுறை வகுத்தால் நாம் தனித்துவிடுவோம் என்று சிலர் அஞ்சலாம். இங்குக் கூறியவை எந்த முறைக்கும் பகையல்ல. அதன்மேல் ஏற்றத்தக்க சில துணைவிதிகளே. பெயரைத் தமிழ் வழக்கின்படி நிறுத்துதல், பழைய நூலைப் பாடல் எண்ணாலும் பதிப்பாலும் சுட்டுதல், பாடியவர்க்குப் பட்டியலில் இடம் தருதல் என்னும் மூன்றையும் இரண்டு பக்க நெறித்தாளாக ஆக்கி, முனைவர்ப்பட்ட ஆய்வாளர்க்குப் பதிவு செய்யும் நாளிலேயே வழங்கலாம். கட்டுரைகளை மதிப்பிடுவோரும் காற்புள்ளி பிழைத்ததா என்று நோக்குவதோடு, காட்டிய சான்றைக் கொண்டு மூலத்தை அடைய முடிகிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும்.